உணவகச் சுவரில் எழுதப்படாத சொல்



பெருந்தொற்றுக் காலத்தில் உணவகங்களில் உண்போரைக் காத்தல் என்பது இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நோயைப் பற்றி விரித்துரைக்கும் தகுதி மருத்துவர்க்கு உண்டு. கடை நடத்தும் அருமை கடை நடத்துவோர்க்குத் தெரியும். எனக்கு உரிய பங்கு சொல் மட்டுமே. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்ததிலிருந்து, 2022 ஏப்ரல் முதல் நாள் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தது வரை, உணவகச் சுவர்களில் ஒட்டப்பட்ட அறிவிப்புகளை ஒரு வழக்கமாகவே படித்துவந்தேன். கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் என்று நீளும் சாலையில் நான் படித்த அறிவிப்புகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. அவற்றில் எந்தச் சொல் இருந்தது, எந்தச் சொல் இல்லை, இல்லாமற்போனதால் என்ன விளைந்தது என்பதே என் பேச்சு.

அந்தச் சாலையிலிருந்து கடற்பக்கம் திரும்பினால் நம் பாகான் நக்கோடா ஓமார். மலாயில் 'பாகான்' மீனவர் கரையேறும் துறையைக் குறிக்கும். 'நக்கோடா' பாரசீகத்திலிருந்து கடல்வழி வந்த சொல். கப்பல் தலைவன் என்பது பொருள். தமிழில் அவனை மீகாமன் என்றோம். ஆகவே ஊர்ப்பெயரை 'ஓமார் மீகாமன் துறை' என்று பெயர்த்துக்கொள்ளலாம். காற்றின் போக்கை அறியாதவன் மீகாமன் ஆக முடியாது என்பதை இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வட்டாரத்தில் உணவு விற்கும் இடங்கள் இருவகை. ஒன்று, தோட்டத்து முச்சந்தியிலும் மரத்தடியிலும் தகரக் கூரை வேய்ந்து, மூன்று பக்கம் திறந்திருக்கும் ஒட்டுக்கடை. மற்றொன்று, பட்டணத்துக் கடைவரிசையில் கண்ணாடிக் கதவடைத்துக் குளிரூட்டி பொருத்திய கூடம். இரண்டையும் அரசாணை ஒரே சொல்லால் சுட்டியது. நாமும் 'உணவகம்' என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்தோம்.

விதிகளின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆணையின்போது கடையில் அமர்ந்து உண்ணத் தடை. பொட்டலம் கட்டி எடுத்துச் செல்லலாம். 2020 மே 4-இல் அமர்ந்து உண்ண இசைவு கிடைத்தது. 2021 சனவரி 13-இல் சிலாங்கூரில் மீண்டும் தடை. பிப்ரவரி 10-இல் மேசைக்கு இருவர் என்று தளர்வு. 2021 மே 6-இல் சிலாங்கூரின் ஒன்பது மாவட்டங்களுள் ஆறு மாவட்டங்களுக்கு மட்டும் ஆணை வந்தது. கோல சிலாங்கூரும் சபாக் பெர்ணமும் உலு சிலாங்கூரும் அப்பட்டியலில் இல்லை. ஆறு நாள் கழித்து, மே 12-இல், நாடு முழுவதற்கும் ஆணை விரிந்தது. அந்த ஆறு நாளும் கிள்ளானில் பொட்டலம் கட்ட, வடக்கே இலைபோட்டு உண்ணலாம் என்ற நிலை. ஆகஸ்டு மாதத்தில் இரண்டு தவணைத் தடுப்பூசியும் முடித்தவர்கள் அமர்ந்து உண்ணலாம் என்று வந்தது. அடைத்தல், திறத்தல், எண்ணிக்கை குறைத்தல் என்றே விதிகள் பேசின. கடைக்குள் இருக்கும் காற்று என்ன ஆகிறது என்பது பேசப்படவில்லை.

சுவரில் ஒட்டிய அறிவிப்பில் என்ன இருந்தது? உடல் வெப்பம் 37.5 பாகைக்கு மேல் இருந்தால் உள்ளே வராதீர். கைத்தூய்மி பயன்படுத்துவீர். முகக்கவரி அணிவீர். ஒரு மீட்டர் இடைவெளி விடுவீர். வருகையைப் பதிவு செய்வீர். இவை ஒவ்வொன்றும் வேண்டியவையே; குறைசொல்ல வரவில்லை. ஆயினும் உணவகத்துக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. துணிக்கடையில் முகக்கவரியோடு துணி எடுக்கலாம். உணவகத்தில் முகக்கவரியோடு உண்ண இயலாது. உண்பவர் வாயைத் திறக்கிறார், உண்ணும்போது பேசுகிறார், அரை மணியேனும் ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறார். முகக்கவரி கழன்ற அந்த அரை மணிக்கு அறிவிப்பில் எஞ்சிய காவல் 'இடைவெளி' என்ற சொல் ஒன்றே.

(முகக்கவரியைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. தமிழ்நாட்டார் 'முகக்கவசம்' என்றார்கள். நாம் 'முகக்கவரி' என்றோம். பழந்தமிழில் கவரி என்பது ஒரு விலங்கு. அதன் மயிரால் ஆகிய சாமரத்துக்கும் அதுவே பெயர். நம் கவரிக்கும் அந்தக் கவரிக்கும் உறவில்லை. மலாய்க்காரர்களும் தொடக்கத்தில் 'தோப்பெங்' என்றார்கள். அது கூத்தாடுவோர் அணியும் முகமூடி. பிறகு மூடுதலைக் குறிக்கும் 'பெலித்துப்' என்பதை எடுத்துக்கொண்டார்கள். நோய்க்காலத்தில் எல்லா மொழிகளும் அவசரமாகச் சொல் தேடின.)

இடைவெளிக்கு வருவோம். ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்துச் 'சமூக இடைவெளி' என்றார்கள் பலர். 2020 மார்ச்சு மாதத்திலேயே உலகச் சுகாதார நிறுவனம் அந்த ஆங்கிலத் தொடரைக் கைவிட்டு, உடலளவில் விலகியிருத்தல் என்ற பொருள்தரும் தொடருக்கு மாறிவிட்டது. மக்கள் உறவால் விலக வேண்டியதில்லை, உடலால் விலகினால் போதும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சிங்கப்பூரில் 'பாதுகாப்பான இடைவெளி' என்றார்கள். அது நல்ல பெயர். நம் நாட்டுச் செய்திகளில் 'கூடல் இடைவெளி' என்பதும் வழங்கியது. ஆயினும் 'சமூக இடைவெளி' முற்றும் மறையவில்லை. தமிழில் இத்தொடருக்கு ஒரு சுமை உண்டு. தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்கு ஒரு குவளை, மற்றவர்க்கு வேறு குவளை என்ற இரட்டைக் குவளை முறை இருந்தது. அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. அப்படிப்பட்ட வரலாறுடைய மொழியில், அதுவும் ஒரு தேநீர்க் கடைச் சுவரில், 'சமூக இடைவெளி விடுக' என்று எழுதுவது சொல்லறியாமை. விலக வேண்டியது மூச்சுக்கு. சொல் சுட்டியதோ சமூகத்தை.

ஆளைச் சுட்டிய இன்னொரு சொல்லையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 சூலையில் தமிழகத்திலிருந்து கெடாவுக்குத் திரும்பிய உணவக உரிமையாளர் ஒருவர், வீட்டில் தனித்திருக்க வேண்டிய காலத்தில் தம் கடைக்குச் சென்றார். தொற்று பரவியது. நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் தண்டமும் விதித்தது. விதி மீறினார், தண்டனை பெற்றார். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. என் கவனம் அந்தத் தொற்றுத் திரளுக்கு வைத்த பெயரில் இருக்கிறது. அவர் சென்று திரும்பிய ஊரை வைத்துச் 'சிவகங்கைத் திரள்' என்று பெயரிட்டார்கள். வாரக்கணக்கில் நாடெங்கும் அப்பெயர் ஒலித்தது. சிவகங்கை மாவட்டம் செட்டிநாட்டின் பெரும்பகுதியைத் தன்னகத்தே கொண்டது. காரைக்குடி அங்கேதான் இருக்கிறது. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் கப்பலேறிய சீமை. அந்த ஊர் கெடாவில் ஒரு கடையை நடத்தவில்லை. நோய்களுக்கு ஊர்ப்பெயரும் மக்கட்பெயரும் வைக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-லேயே நெறிமுறை வகுத்திருந்தது. கிருமியின் திரிபுகளை நாட்டின் பெயரால் அழைத்துவந்த வழக்கத்தை மாற்ற, 2021 மே 31-இல் ஆல்பா, பீட்டா, டெல்ட்டா என்று கிரேக்க எழுத்துப் பெயர்களும் தந்தது. ஊர்ப்பெயர் சூட்டினால் அவ்வூரார்க்கு இழுக்கு என்பதோடு இன்னொரு தீங்கும் உண்டு. 'எங்கிருந்து வந்தவர்?' என்று கேட்கப் பழகிய மனம், 'எந்த அறையில் பரவியது? அந்த அறையில் சன்னல் இருந்ததா?' என்று கேட்பதில்லை.

சன்னல் இருந்ததா என்று கேட்டவர்கள் உண்டு. சீனத்தின் குவாங்சோ நகரில் 2020 சனவரி 24-இல், சீனப் புத்தாண்டுக்கு முந்திய நாள், ஓர் உணவகத்தின் மூன்றாம் மாடியில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மேசைகளில் உணவருந்தின. ஒரு குடும்பம் ஊகானிலிருந்து வந்திருந்தது. பின்னர் மூன்று குடும்பங்களிலுமாகப் பத்துப் பேருக்குத் தொற்று உறுதியானது. மேசைகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் இருந்தது. அதாவது நம் சுவரில் எழுதிய அதே ஒரு மீட்டர். அந்தக் கூடத்தில் சன்னல் இல்லை. ஒரு குளிரூட்டி அந்த மூன்று மேசைகளின் மேல் காற்றை எறிந்து, அதையே மீண்டும் உறிஞ்சி, மீண்டும் எறிந்தது. காற்றை வெளியேற்றும் விசிறிகள் சுவரில் இருந்தும் இயங்கவில்லை. பின்னாளில் அளந்து பார்த்தபோது ஆளொன்றுக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் புதுக்காற்றே கிடைத்தது என்று கண்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் பிற்பாடு பரிந்துரைத்த அளவு பத்து லிட்டர். தென் கொரியாவின் சொஞ்சு நகரில் 2020 சூனில் நடந்தது இன்னும் வியப்பு. ஓர் உணவகத்தில் 6.5 மீட்டர் தொலைவில் இருந்த ஒருவருக்கு ஐந்தே நிமிடத்தில் தொற்று சென்றது. குளிரூட்டியின் காற்று வீசிய திசையில் அவர் அமர்ந்திருந்தார்.

இவையெல்லாம் 2020-லேயே அச்சேறிவிட்டன. அப்படியிருந்தும் காற்று ஏன் அறிவிப்புக்கு வரவில்லை? அதற்கும் காரணம் ஒரு சொல்தான். மூச்சிலிருந்து தெறிப்பவற்றை மருத்துவ நூல்கள் இரண்டாகப் பகுத்திருந்தன. 5 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டது துளி. அது விரைவில் தரையில் விழும். அதற்குட்பட்டது காற்றில் மிதப்பது. கோவிட் துளியால் பரவுவது, காற்றால் பரவுவது அன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் அழுத்திச் சொன்னது. ஆனால் அந்த 5 என்ற எல்லையே பிழையான இடத்தில் நின்றது. 1930-களில் வெல்ஸ் என்ற அறிஞர் ஆய்ந்தபோது, விழுவதற்கும் மிதப்பதற்கும் இடையிலான எல்லை 100 மைக்ரோமீட்டரை ஒட்டி இருந்தது. காசநோய்க் கிருமி நுரையீரலின் ஆழம்வரை செல்லத் தேவையான நுண்மைக்கு உரிய எண் 5. ஒன்றுக்குரிய எண் மற்றொன்றுக்கு இடம் மாறிப் பாடநூல்களில் உறைந்துவிட்டது. ஆசிரியர்களே, பாடநூலில் ஓர் எண் தவறாக உறைந்தால் எத்தனை தலைமுறை அதை மனப்பாடம் செய்யும் என்பதை நீங்கள் அறிவீர்கள். 2021 ஏப்ரல் இறுதியில்தான் காற்றோட்டம் குன்றிய அறைகளில் காற்றுவழிப் பரவல் நிகழும் என்று நிறுவனம் தன் விளக்கத்தைத் திருத்தியது. 2024 ஏப்ரலில், துளி என்றும் மிதப்பது என்றும் பிரிப்பதையே விட்டு, புதிய கலைச்சொற்களை முன்வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு ஆண்டு நீண்ட ஒரு கலைச்சொல் வழக்கு அது.

நமக்கோ அந்த வழக்கே தேவைப்பட்டிருக்காது. துளி, திவலை, தூறல், சாரல், பனி என்று விழுவதற்கும் மிதப்பதற்கும் நடுவே படிப்படியாகச் சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. துளி விழும், சாரல் அலையும் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

அதைவிட மேலாக நம்மிடம் ஓர் அரிய சொல் இருக்கிறது: காற்றோட்டம். இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 'காற்று வீசுகிறது' என்பது வேறு, 'காற்று ஓடுகிறது' என்பது வேறு. ஓட்டம் என்றால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்ல வேண்டும். புகும் வழியும் போகும் வழியும் இருக்க வேண்டும். ஓடுகிற நீர் ஆறு. ஓடாத நீர் குட்டை. குவாங்சோ உணவகத்தில் காற்று வீசியது, ஓடவில்லை. மேல்விசிறியைச் சுழற்றிவிட்டுக் 'காற்று நன்றாக வருகிறது' என்கிறோமே, அது வீச்சு. விசிறி காற்றைச் சுழற்றும், அதை மாற்றாது. எதிரெதிரே இரண்டு சன்னல்களைத் திறந்தால்தான் ஓட்டம். இந்த வேறுபாடு சொல்லுக்குள்ளேயே இருக்கும்போது, அதை அறிவிப்பில் எழுதாமல் விட்டோம்.

சன்னலுக்குப் பழந்தமிழ்ப் பெயர் காலதர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. ஆங்கிலச் சொல்லும் மூலத்தில் 'காற்றின் கண்' என்ற பொருளுடையதே. நாம் இன்று வழங்கும் சன்னல் போர்ச்சுக்கீசியரின் 'ஜனெலா'. மலாயின் 'ஜெண்டேலா'வும் அதுவே. காலதர் என்ற பெயரை மீட்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அந்தத் தனித்தமிழ் ஆர்வம் எனக்குக் குறைவு. சன்னல் எதற்காக வைத்தார்கள் என்பதைப் பழம்பெயர் மறக்கவில்லை, அவ்வளவே.

கடைக்காரர் ஒருவர் தம் கடையில் ஓட்டம் உண்டா என்று அறிய என்ன செய்யலாம்? கரிவளிமானி ஒன்று வாங்கி வைக்கலாம். மூச்சு விட விட அறையில் கரியமில வளி ஏறும். வெளிக்காற்றில் அது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. நம் நாட்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் 2010-ஆம் ஆண்டு நெறிமுறை, அறைக்குள் 1,000 பங்கை வரம்பாக வைக்கிறது. அதே துறை பெருந்தொற்றுக் காலத்துக்கென்றே 2021-இல் காற்றோட்டம் பற்றி ஒரு வழிகாட்டியும் வெளியிட்டது. நல்ல வழிகாட்டி, ஆனால் நான் சென்ற கடைகளின் சுவருக்கு அது வந்து சேரவில்லை. மானி வாங்க இயலாதவர்க்கு அதைவிட எளிய கருவி கல்லாப்பெட்டிக்கு மேல் சாமிபடத்தின் முன்னே இருக்கிறது. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக் கடைக்கோடி மேசையில் வையுங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். சட்டென்று வெளியேறினால் நல்லது. கூரையை முட்டி அங்கேயே வட்டமிட்டால் அந்த மேசையை எடுத்துவிடுங்கள். நம் நாட்டு உணவகங்களில் 2019 சனவரி முதல் நாளிலிருந்து புகைபிடிக்கத் தடை இருக்கிறது. மூலையில் ஒருவர் புகைத்தால் அறை முழுவதும் மணக்கும் என்பதை எல்லாரும் அறிந்திருந்ததால்தான் அந்தத் தடையை ஏற்றுக்கொண்டோம். கண்ணுக்குத் தெரியாத மூச்சும் அந்தப் புகை செல்லும் வழியிலேயே செல்கிறது.

சப்பானியர்கள் இதைத் தொடக்கத்திலேயே மக்கள் நாவில் ஏற்றினார்கள். அடைபட்ட இடம், நெருங்கிய கூட்டம், அணுகிய பேச்சு ஆகிய மூன்றையும் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களாக்கி 'மூன்று மிட்சு' என்றார்கள். 2020-இன் சிறந்த வழக்குச்சொல்லாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. நம் சுகாதார அமைச்சும் மலாயில் 'செசாக், செம்பிட், செம்பாங் டெக்காட்' என்று மூன்று எசு ஆக்கியது. தமிழில் அதைப் பொருள் மட்டும் பெயர்த்தோம், ஓசையைப் பெயர்க்கவில்லை. நெடுங்கணக்கையே பாட்டாகப் படிக்கும் மொழியில் இது வருந்தத்தக்கது. நான் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன்: அடைந்த இடம், அடர்ந்த கூட்டம், அண்டிய பேச்சு. மூன்று அகரம். இதனினும் நல்லது மாணவர்க்குத் தோன்றினால் மகிழ்வேன்.

முன்னர்க் குறிப்பிட்ட 'உணவகம்' என்ற பொதுச்சொல்லுக்குத் திரும்புகிறேன். 2020 செப்டம்பரில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட ஓர் ஆய்வில், தொற்று கண்டவர்கள், காணாதவர்களைப்போல் இருமடங்கு அளவில் அண்மையில் உணவகத்தில் உண்டதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் உள்ளே அமர்ந்தீர்களா, வெளியே அமர்ந்தீர்களா என்று அந்தக் கேள்வித்தாள் பிரித்துக் கேட்கவில்லை. ஒரு சொல் இரண்டு பொருளை மூடிக்கொண்டது. அதேபோல் நம் ஊரில், கடற்காற்று குறுக்கே ஓடும் ஒட்டுக்கடையும், கண்ணாடி அடைத்த கூடமும் ஒரே நாளில் மூடி, ஒரே நாளில் திறந்து, ஒரே அறிவிப்பை ஒட்டின. ஒட்டுக்கடைக்காரர் தமக்கு இயல்பாக வாய்த்த காவலை அறியாமல், வெயிலுக்கும் சாரலுக்கும் என்று நாற்புறமும் நெகிழித் திரை கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவரைத் தடுக்கும் சொல் சுவரில் இல்லை.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். அறிவிப்புகள் எல்லாம் உண்ண வருவோரை நோக்கியே பேசின. உண்பவர் அரை மணியில் எழுந்து செல்கிறார். அடுப்படியில் நிற்பவரும் மேசை துடைப்பவரும் பத்து மணி நேரம் அதே காற்றில் நிற்கிறார்கள். கலிபோர்னியாவில் 2020 மார்ச்சு முதல் அக்டோபர் வரை உழைக்கும் வயதினரின் இறப்பைத் தொழில்வாரியாகக் கணக்கிட்டபோது, சமையல்காரர்களின் இறப்பு வழக்கத்தைவிட 60 விழுக்காடு கூடியிருந்தது. எல்லாத் தொழில்களிலும் அதுவே உச்சம். நம் உணவகங்களில் வேலை செய்வோருள் தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் பலர். கூடத்தில் இருக்கும் சன்னல் அடுப்படியில் பெரும்பாலும் இல்லை. அவர்கள் படுக்கும் மாடியறையிலும் இல்லை. அவர்களுக்கு எந்த மொழியில் அறிவிப்பு எழுதினோம்?

இப்பொழுது ஒரு வேண்டுகோள். கட்டுப்பாடுகள் போனாலும் அந்த அறிவிப்புகள் பல கடைகளில் வெளுத்துப்போய் இன்னும் ஒட்டியிருக்கின்றன. மாணவர்கள் அவற்றைப் படமெடுத்து, ஊர், கடையின் வகை, அறிவிப்பின் மொழி என்று குறித்துத் தொகுக்கலாம். பெருந்தொற்றுக்காலத் தமிழுக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆசிரியர்கள் வகுப்பில் புதிய அறிவிப்பொன்றை எழுதச் சொல்லலாம். நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

'சன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறோம், மூடாதீர். கூட்டம் நிறைந்திருந்தால் வெளிமேசையில் அமர்வீர், அல்லது பொட்டலம் வாங்கிச் செல்வீர். உண்ணும்போது பேச்சைக் குறைத்து, உண்டபின் வெளியே நின்று பேசுவீர். காய்ச்சலோ இருமலோ உள்ள பணியாளருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு.'

கடைசி வரியை எழுதக் கடைக்காரர் தயங்குவார். அதைப் பற்றி அவரிடம் பேச வேண்டியவர்கள் மொழியியலார் அல்லர் என்பதால் இத்துடன் அமர்கிறேன்.